பேர் சொன்ன முட்டை

வெள்ளக்கல்பட்டியில் முட்டைகள் பேர் சொல்ல ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்து வியாழக்கிழமை, காலை ஏழு மணி சுமாருக்கு, அங்கமுத்து கடையில். முதலில் கேட்டவள் ராசாமணி. கேட்டதும் அவள் பயப்படவில்லை, கத்தவில்லை, முட்டையைப் பார்த்து "சரி சரி, வர்றேன்" என்று பதில்தான் சொன்னாள். நாலு பக்கமும் கோழிப்பண்ணைகள் சூழ்ந்த ஊர் அது. முட்டை வாங்குகிற யாரும் அங்கே சும்மா எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். முப்பது குழி அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, உள்ளே தளதளவென்று ஆடினால் கூமுட்டை என்று திரும்ப வைத்துவிட்டு, கம்மென்று இருந்தால் மட்டும் எடுப்பார்கள். ராசாமணியும் அப்படித்தான் குலுக்கினாள். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, தணிந்த குரலில், "ராசாமணி" என்றது முட்டை.

ஏன் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கால்நடை டாக்டர் வந்து நாலைந்து கோழிகளின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கோழிக்கு ஒன்றுமில்லை, ஊர்க்காரர்களுடைய காதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் அவர் மனைவி அவர் பேர் சொன்ன முட்டையைத் தேடி எடுத்து ஆம்லெட் போட்டுக் கொடுத்ததும் அவரும் பேசாமல் சாப்பிட்டார். தீவனத்தில் கருவாட்டுத் தூள் கூடிப்போனதுதான் காரணம் என்று தீவன ஆலையைக் கொஞ்ச நாள் திட்டினார்கள். அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று வீட்டுக்கு வீடு எழுந்துவிட்டது: தினமும் காலையில், அத்தனை அட்டைகளுக்குள், நம் வீட்டு முட்டை எது?

அடுத்தவர் பேர் முட்டையைத் தின்றால் அன்று பூராவும் அடுத்தவர் ஏப்பம் வந்தது, அடுத்தவர் நினைப்பு வந்தது, அடுத்தவர் மூட்டுவலி வந்தது. தையல்காரர் ஒருவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் முட்டையைத் தெரியாமல் தின்றுவிட்டு வருகிறவர்களையெல்லாம் "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று விரட்டினார்; தையல்காரர்கள் எப்போதும் சொல்வதுதானே என்று யாரும் கண்டுகொள்ளாததால் விஷயம் வெளியே வர ரெண்டு நாள் ஆனது. பத்தாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணின் முட்டையைப் பக்கத்து வீட்டுக்காரி திருடித் தன் மகனுக்குக் கொடுத்தாள், அவன் பரீட்சைக்குப் போய், அந்தப் பெண்ணுக்கு இருந்த பயம் மொத்தத்தையும் பட்டு, நடுங்கி, முட்டை வாங்கிக்கொண்டு வந்தான். மூன்று தலைமுறையாய் முட்டைச் சட்டிகூட உள்ளே வராத வீடு என்று பேர்பெற்ற வீட்டுப் பெரியவர் பேரை, வாரம் ரெண்டு முறை, நடு அட்டையிலிருந்து ஒரு முட்டை கூப்பிட்டது. அவர் கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். ஊரில் ஏழு பழனிச்சாமிகள் இருந்தார்கள். ஏழு பேரும் வரிசையாய் நின்று, ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டு, "இது என்னைக் கூப்பிடல, உன்னைத்தான் கூப்பிடுது" என்று மாற்றிக்கொண்டார்கள். தன்னைக் கூப்பிடுகிற குரல் தனக்குத் தெரியாதா.

பெரியண்ணன் என்கிற டிராக்டர்காரனின் முட்டை கை தவறிக் கீழே விழுந்து உடைந்தபோது, பெரியண்ணன் எங்கோ வயலில் இருந்தவன், அப்படியே உட்கார்ந்து, சாயங்காலம்வரை பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். அன்றிலிருந்து முட்டையைக் கைக்குழந்தை மாதிரி ரெண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோனார்கள். கிழக்குத் தெருக் காளியண்ணன் செத்துப்போனபோது இன்னொன்றும் தெரிந்தது: செத்தவர் பேரில் முட்டை வருவதில்லை. சாவதற்கு ஒரு நாள் முன்னாலேயே வரவில்லை என்று அவர் மருமகள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் ஊர் நிஜமாகவே பயந்தது. அதுவரை வேடிக்கையாய் விடிந்த காலைகள், அதற்குப் பிறகு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் அட்டையில் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே விடிந்தன.

அடிதடி அதிகமானதால் அங்கமுத்து ஒரு வழக்கம் வைத்தார். யாருக்கு முட்டையோ அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஒருவர் காதில் வைத்துக் கேட்டு ஆமாம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் எடுக்கலாம். இதில் திண்டாடியவர்கள் புருஷன் பேரைச் சொல்லாத பொம்பளைகள். பழனிச்சாமிகளின் மனைவிகள் தெற்கே கையைக் காட்டி "மலை மேல நிக்கிறாரே, அவரு" என்றார்கள். தங்காயி, "காஞ்சிபுரத்துல மாமரத்தடியில இருக்கிற சாமி பேருங்க" என்பாள். அது ஏகாம்பரம் என்று அங்கமுத்துவுக்குத் தெரியும். தீவன ஆலையில் மூட்டை தைக்கிற ஏகாம்பரம், தங்காயியின் புருஷன், நவீனாவின் அப்பா, யார் வம்புக்கும் போகாத ஆள்.

அந்த ஏகாம்பரத்துக்கு ஆரம்பத்திலிருந்தே முட்டை வரவில்லை.

முதல் நாள் தங்காயி தனக்கும் மகளுக்கும் எடுத்துக்கொண்டு, "உங்களுது எங்கியோ அடி அட்டையில மாட்டிக்கிச்சு போலிருக்குதுங்க" என்று சிரித்தபடி வந்தாள். ரெண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அடி அட்டைவரை இறக்கிப் பார்த்ததாகச் சொன்னாள்.

"எனக்கு முட்டை ஒத்துக்கறதில்ல, உட்டுத்தள்ளு" என்றான் ஏகாம்பரம்.

"போன மாசம் ரெண்டா தின்னீங்களே, அப்ப ஒத்துக்கிச்சா?"

நான்காம் நாள் அவள் வந்து, முட்டைகளைப் பாத்திரத்தில் வைத்தபடி, போகிற போக்கில் சொன்னாள். "ஒரு முட்டை மட்டும் யாரும் எடுக்காம கெடக்குதுங்க. என்னமோ பேரு. வண்டி மலையான்னு. அங்கமுத்தண்ணன் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சிருக்காரு."

ஏகாம்பரம் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.  "பேரா அது?" என்றான்.

"அதான் எல்லாருங் கேக்கறாங்க."

அவன் பேர் அதுதான். அவனைப் பெற்றவர்கள், கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டு ஊரில், எல்லைச்சாமி முன்னால் மொட்டையடித்து, காது குத்தி, மூன்று முறை காதில் ஓதி வைத்த பேர். இருபது வருஷமாய் யாரும் கூப்பிடாத பேர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம், மகாராஷ்டிரத்தில், வெங்காய லோடு ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவன் வண்டிமலையான். பக்கத்தில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தவன் மாற்று டிரைவர் ஏகாம்பரம், செய்யாறு பக்கத்து ஆள், தன் தங்கச்சியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன். வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிமலையான் கண்ணை மூடினான். திறந்தபோது வண்டி பாலத்துச் சுவரில் ஏறிப் படுத்திருந்தது, ரோடெல்லாம் வெங்காயம் உருண்டுகொண்டிருந்தது, ஏகாம்பரம் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தான். ஓட்டினவன் செத்துவிட்டால் கேஸும் செத்துவிடும். அந்த ஒரு கணக்குதான் அப்போது அவன் மண்டையில் ஓடியது. தன் லைசென்ஸை எடுத்துச் செத்தவன் சட்டைப்பையில் வைத்தான், செத்தவனுடையதை எடுத்துத் தன் பையில் வைத்தான். லைசென்ஸ் போட்டோவில் எல்லா டிரைவரும் ஒரே ஆள்தான். சோளக்காட்டுக்குள் இறங்கி நடந்தவன், ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி, கேள்வி கேட்காமல் ஆள் எடுக்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்து, ஸ்டியரிங்கை மறுபடி தொடாமல், ஏகாம்பரமாகவே வேலைக்குச் சேர்ந்து, ஏகாம்பரமாகவே தாலி கட்டி, ஏகாம்பரத்தின் முதல் எழுத்தைத் தன் மகளுக்கு இனிஷியலாகக் கொடுத்திருந்தான்.

இப்போது ஒரு கோழி அவனைக் கண்டுபிடித்துவிட்டது.

அவன் அங்கமுத்து கடை வழியாகப் போவதை விட்டு, பண்ணைகளுக்குப் பின்னால் சுற்றிப் போக ஆரம்பித்தான். அங்கேயும் கோழிகள், பத்தாயிரம் பதினைந்தாயிரம் என்று கூண்டுகளில் இருந்து தலையை நீட்டி, ஒரு பக்கமாய்ச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தன. இதில் எது என்று யாருக்குத் தெரியும். ஏதோ ஒன்று, தினமும், எதையும் அறியாமல், அவன் பேரை ஓட்டுக்குள் வைத்து மூடி இறக்கிக்கொண்டிருந்தது.

ஊரார் அவனைப் பார்க்கிற பார்வை மாறியது. காளியண்ணன் விஷயம் எல்லாருக்கும் நினைவிருந்தது. முட்டை வராதவன் போகப்போகிறவன். தீவன ஆலையில் அவன் தூக்க வேண்டிய மூட்டையை வேறு ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். டீக்கடையில் அவனுக்கு மட்டும் வடையை எடுத்துக் கொடுத்து "சாப்பிடுங்கண்ணா, நல்லாச் சாப்பிடுங்க" என்றார்கள். ராசாமணி வீட்டுக்கே வந்து, "ஏனுங்க தம்பி, மனசுல ஏதாச்சும் ஆசை இருந்தா சொல்லிப்போடுங்க. பழனிக்குக் கிழனிக்குப் போகோணும்னு இருந்தா எங்க ஊட்டுக்காரரு கார் எடுத்துட்டு வர்றாரு" என்று சொல்லி, சொன்ன கையோடு அழுதுவிட்டுப் போனாள். தங்காயி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றது அவளுக்கு இன்னும் பயமாய்ப் போயிற்று.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நவீனா பையைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரே நின்றாள். "அப்பா, நீங்க செத்துப்போயிருவீங்களா?"

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. எங்க கிளாஸ்ல எனக்குப் பக்கத்துல உக்காருறவ எனக்கு அவ பேனாவையே குடுத்துட்டா."

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகமாட்டேன் சாமி, என் முட்டை அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போலீஸ் வரும். அது போகட்டும், இந்தப் பெண் தன் பேருக்கு முன்னால் ஒரு பிணத்தின் எழுத்தைப் போட்டுக்கொண்டு பதினாறு வருஷம் திரிந்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்துபோகும். அவன் மகளின் தலையைத் தடவினான். 

இதற்குள் லாரிகள் போன ஊர்களிலெல்லாம் முட்டைகள் பேர் சொல்ல ஆரம்பித்திருந்தன. கூடவே இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள். மகனைத் தொலைத்தவர்கள், புருஷன் ஓடிப்போனவர்கள், திருவிழாவில் தம்பியைக் கை நழுவ விட்டவர்கள், எந்த ஊர் அட்டையிலும் அந்தப் பேர் கிடைக்காமல், எல்லா லாரியும் புறப்படுகிற இடத்துக்கே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று, பையும் தண்ணீர் பாட்டிலுமாய் வெள்ளக்கல்பட்டிக்கு வந்தார்கள். அங்கமுத்து கடைக்கு எதிரே தகரக் கொட்டகையில் வரிசையாய் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாய்க் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டு, திரும்ப வைத்து, அடுத்ததை எடுத்தார்கள். ஊர்ப் பொம்பளைகள் அவர்களுக்கு மோர் கொடுத்தார்கள். கிடைத்தவர்களும் உண்டு, முட்டையோடு ஊரெல்லாம் சுற்றி, அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கிற ஆளைப் பிடித்து, அடித்து, கட்டிக்கொண்டு அழுதார்கள். ஏகாம்பரம் அந்தக் கொட்டகை இருந்த திசைக்கே முகம் காட்டவில்லை.

அங்கமுத்துவின் கிண்ணம் நிறைந்து, பெரிய குண்டா ஆனது. ஒரு நாளைக்கு ஒன்றாய்ப் பதினாறு சேர்ந்தன. ரோட்டில் லாரி போய்த் தரை அதிர்ந்தால் போதும், பதினாறும் சேர்ந்து முணுமுணுத்தன. வண்டிமலையான், வண்டிமலையான், வண்டிமலையான். யாரோ அது சாமி பேராய் இருக்கும் என்று மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை முட்டை லோடு ஏற்ற வந்த தெற்கத்தி டிரைவர் ஒருவர் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எங்கூர்ச் சாமியக் குண்டாவுல போட்டு வச்சிருக்கீரு?"

"சாமிங்களா அது?"

"சாமி பேருதான். ஆளுவளுக்கும் வைப்போம்லா. எங்க பக்கத்து ஊர்லயே ஒருத்தன் இருந்தான், வண்டிமலையான்னு. லாரிலதான் ஓடுனான். வடக்க போயி வண்டிய முட்டிச் செத்துப்போனான், ஆச்சு இருவது வருசம்."

கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள். செத்தவனுக்கு முட்டை வருகிறது. உயிரோடு இருக்கிற ஏகாம்பரத்துக்கு வரவில்லை. ரெண்டையும் சேர்த்து வைத்து ஊர் ஒரு முடிவுக்கு வர அரை நாள் போதுமானதாய் இருந்தது: ரோட்டில் செத்த லாரிக்காரன் ஆவி, வேறு ஊரில் இடமில்லாமல் இங்கே வந்து, பாவம் ஒரு சாதுவான ஆளின் முட்டைக்குள் புகுந்துகொண்டு, அவன் பங்கைத் தின்கிறது. பூசாரி மாரப்பன் கணக்குப் பார்த்து, வெள்ளிக்கிழமை உச்சியில், நாலு ரோடு சேருகிற இடத்தில் அதற்குள் சேர்ந்திருக்கும் பத்தொன்பது முட்டையையும் ஒன்று விடாமல் உடைக்க வேண்டும், ஆவி போய்விடும், ஏகாம்பரத்துக்கு மறுநாளே முட்டை வரும் என்றார்.

ஏகாம்பரத்திடம் இதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார்கள். அவன் பெரியண்ணனை நினைத்துக்கொண்டான். ஒரு முட்டை உடைந்ததற்கு ஒரு பகல். பத்தொன்பது?

அவன் சொல்லவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டு, தெருவில் போகிற நாயைப் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் இருந்தான். செத்துப்போனால் ஏகாம்பரமாகச் சாகலாம், கேள்வி இருக்காது, மகளின் இனிஷியல் அப்படியே இருக்கும் என்றுகூட ஒரு யோசனை வந்தது. தெற்கத்தி டிரைவர் சொன்னதை ராசாமணி வந்து தங்காயியிடம் சொன்னபோது அவன் உள்ளேதான் இருந்தான். தங்காயி "ஓ" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அவள் சமைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் வழக்கத்தைவிட மெதுவாக.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஊர் நாலு ரோட்டில் கூடியது. அவனை நடுவில் மனைப்பலகை போட்டு உட்கார வைத்து, தலையில் வேப்பிலையால் தட்டினார்கள். பூசாரி மாரப்பன் குண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். நடக்கிற அதிர்வில் முட்டைகள் பத்தொன்பதும் கூப்பிட்டன, சத்தமாக, அவசரமாக, வீட்டில் விருந்தாளி வந்திருக்கும்போது வயலில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. ஏகாம்பரத்தின் கழுத்து தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது. சட்டென்று குனிந்துகொண்டான். வேர்வை மூக்கு நுனியில் இருந்து சொட்டியது. மாரப்பன் முதல் முட்டையை எடுத்துக் கையை ஓங்கினார்.

"உடைக்காதீங்க!"

தங்காயி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.  குண்டாவைப் பிடித்துக்கொண்டு, அங்கமுத்து வைத்த வழக்கத்தின்படி, வாய்விட்டு, நாலு ரோட்டுக்கும் கேட்கும்படி, கட்டின நாளாய்ப் புருஷன் பேரை ஒருநாளும் சொல்லாத அந்தப் பொம்பளை சொன்னாள்:

"வண்டிமலையான். எங்க ஊட்டுக்காரரு பேரு."



"என்ன புள்ள சொல்ற? அவரு ஏகாம்பரமல்லோ?" என்றார் அங்கமுத்து.

"அது ஆபீஸ் பேருங்கண்ணா. ரேசன் கார்டு, பேங்க்கு, பள்ளிக்கூடம் அதுக்கெல்லாம். இது கூப்பிடற பேரு. முன்னால பொறந்த குழந்தைக நிக்காம, தெக்கத்திச் சாமிக்கு வேண்டிக்கிட்டு வெச்ச பேரு. வெளியில சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அவரு சொல்லமாட்டாரு. நாந்தான் சொல்லிப்போட்டேன், போதுமா?"

ஊர் மூச்சு விட்டது. கூப்பிடுகிற பேர்! யாருக்குத்தான் இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்துகொண்டது. "எனக்குக்கூட ஊட்டுல மண்ணாங்கட்டின்னுதான் பேரு" என்றார் அங்கமுத்து. "அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றாள் ராசாமணி. பூசாரி மாரப்பன் தன்னுடைய கூப்பிடுகிற பேர் பிச்சை என்று ஒத்துக்கொண்டார். ஏழு பழனிச்சாமிகளில் ஒருவர் தன்னை வீட்டில் ரோசா என்று கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக ஆயுசு பூரா வருத்தப்பட்டார். "முட்டைக்கென்ன தெரியும், அது கூப்பிடற பேரச் சொல்லியிருக்குது" என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். செத்துப்போன லாரிக்காரன் வேறு ஏதோ வண்டிமலையான், தெற்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தங்காயி பத்தொன்பதில் அன்றைக்கு வந்த ஒன்றை மட்டும் வேக வைத்தாள். நவீனா கதவோரமாய் நின்றாள். தங்காயி முட்டையை உரித்து, உப்பு தொட்டு, தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"யாராச்சும் உங்களக் கூப்பிட்டா ஒரு நொடி கழிச்சுத்தான் திரும்புவீங்க. காது மந்தம்னு நெனச்சிருந்தேன். கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு கேட்டா, சாமி பேருக்கே பண்ணுங்கம்பீங்க. பதினெட்டு வருசமா. இன்னிக்கு அந்தக் குண்டா கூப்பிட்டப்ப, உங்க கழுத்து உடனே திரும்புச்சு." அவள் அவனெதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

சொன்னான். வெயிலையும், பாலத்தையும், உருண்ட வெங்காயத்தையும், சட்டைப்பையையும் சொன்னான். சொல்லி முடிக்கிறவரை அவள் கண் சிமிட்டவில்லை.

"அப்ப என்னோட இனிஷியல்?" என்றாள் நவீனா.

 தங்காயி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவனைக் கேட்டாள். "அந்தாளு ஊட்டுல யாரு இருந்தாங்க?"

"ஒரு தங்கச்சி. அப்பன் ஆத்தா இல்ல. தங்கச்சிய அவன்தான் வளத்தான்."

"அவகிட்ட யாராச்சும் போய்ச் சொன்னாங்களா, அண்ணன் செத்துட்டாருன்னு?"

"ஏகாம்பரம் எங்க செத்தான்? காயிதத்துல செத்தது வண்டிமலையான்தான. ஏகாம்பரம் பயந்து ஓடிப்போயிட்டான்னு லாரி முதலாளி சொல்லியிருப்பாரு."

தங்காயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என்ன ஆவேன் என்று அவள் அழுவாள், என்னை ஏமாற்றினாயே என்று தட்டை வீசுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் நினைத்தது அதையல்ல.

"இருபது நாளா நான் உங்க முட்டையத் தேடினேன்" என்றாள். "ஒவ்வொண்ணா எடுத்து, காதுல வெச்சு, இல்ல, இல்லன்னு திரும்ப வெக்கறப்ப எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? இருபது நாளுக்கே நான் செத்துட்டேன். அந்தப் புள்ள எந்த ஊர்ல எத்தன அட்டைய இப்படிப் பாத்துக்கிட்டு இருக்குதோ? அது எத்தன அட்டை பாத்தாலும் வராதுங்களே. அவரு பேருல ஒரு முட்டை எந்தக் கோழியும் இடாதுங்களே."

அவன் இருபது வருஷமாய்ப் போலீஸுக்குப் பயந்திருந்தான், முதலாளிக்குப் பயந்திருந்தான், முட்டைக்குப் பயந்திருந்தான். இந்த ஒன்றுக்குப் பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. 

"செய்யாறுக்குப் போகட்டுமா?" என்றான்.

"அங்க எங்கன்னு தேடுவீங்க? தேடறவங்க எல்லாரும் இங்கதான வர்றாங்க. கடைக்கு எதுத்தாப்பலதான கொட்டகை." தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினாள். "தின்னுட்டுப் போங்க."

அன்று அவன் கடைவீதியின் முனைவரை போய்த் திரும்பி வந்துவிட்டான். மறுநாள் கொட்டகைவரை போனான், வாய் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, காலையில், வேலைக்குப் போகும் முன், கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் நின்று, கண்ணை மூடி முட்டை கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால், "செய்யாறு பக்கத்து ஏகாம்பரத்தத் தேடி யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டான்.  யாரும் இல்லை என்று தெரிந்ததும், வெட்கக்கேடு, ஒரு நிம்மதி வந்தது. நிம்மதியோடு வீட்டுக்குப் போனால் தங்காயி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அவன் சட்டையை எடுத்து வைத்தாள். ஆவணி முடிந்தது. புரட்டாசி வந்து ஊரில் பாதிப் பேர் முட்டையை விட்டார்கள், தேடுகிறவர்கள் மட்டும் குறையவில்லை. அவனும் கேட்பதை விடவில்லை.

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை அவன் கேட்டபோது, வரிசையின் கடைசியில், ஒரு பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்பது வயதுப் பொம்பளை, காதில் இருந்த முட்டையை மெல்ல இறக்கினாள். அதை அட்டையில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு, எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி அவனிடம் வந்தாள். அவன் முகத்தில் யாரையோ தேடினாள். அவள் உதடு சிரிக்கத் தயாராய் இருந்தது.

"எங்கண்ணன் பேருங்க அது. எங்க கீறாரு?"

வண்டிமலையான் முதலில் தன் பேரைச் சொன்னான்.